அனிமேவுக்கு மார்க் போடுவது எப்படி: புதிதாக விமர்சனம் எழுத வருபவர்களுக்கு

ஒரு அனிமேவை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் பார்த்து முடித்ததும் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண்ணைத் தட்டிவிடுவது நொடி வேலை. அந்த எண் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரிய வேண்டும், உங்கள் பேச்சை நம்பி ஒரு தொடரைப் பார்க்க உட்காருகிறவருக்கும் பயன்பட வேண்டும் என்று நினைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நான் விமர்சனம் எழுத வந்தபோது இதை வரிசையாகச் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. எந்தத் தளத்தில் கணக்குத் தொடங்குவது, 7 என்றால் என்ன அர்த்தம், பாதியில் விட்ட தொடருக்கு மார்க் போடலாமா, இரண்டாம் சீசனைத் தனியாகப் பார்ப்பதா என்று ஒவ்வொன்றுக்கும் முட்டி மோதித்தான் வழி பிடிக்க வேண்டியிருந்தது. நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தை எழுதிவிட்டு அப்புறம் எண்ணைப் போடுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான வேலைதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பொருள் போதும்: ஒரு தளத்தில் கணக்கு, ஒரு ஷீட் (எக்செல் மாதிரி), குறிப்பு எழுத ஒரு நோட்டு அல்லது போனில் உள்ள நோட்ஸ். மூன்றுக்கும் காசு வேண்டாம்.

கணக்குக்கு, பார்த்த அனிமேக்களைப் பட்டியலிட்டு மார்க் போடும் தளங்களான மைஅனிமேலிஸ்ட், அனிலிஸ்ட் இரண்டில் ஒன்றை எடுங்கள். மைஅனிமேலிஸ்டில் 1 முதல் 10 வரை முழு எண் மட்டும்தான். ஆனால் வாசகர் கூட்டம் அதிகம். அனிலிஸ்டில் ஐந்து முறைகள் உண்டு: 100க்கு, தசமத்தோடு 10க்கு, முழு எண்ணாக 10க்கு, 5 நட்சத்திரம், 3 முகக்குறி. கதை, பாத்திரம், காட்சி, ஒலி என்று பிரித்துத் தனித்தனியாக மார்க் போடும் வசதியும் அதன் அமைப்புகளில் இருக்கிறது. 100க்கான முறையையோ தசம முறையையோ எடுத்தால்தான் அது வேலை செய்யும். புதியவருக்கு என் பரிந்துரை, தசமத்தோடு 10. 100 என்று வைத்தால் 83க்கும் 84க்கும் என்ன வித்தியாசம் என்று யாருக்கும் விளக்க முடியாது. 5 நட்சத்திரத்தில் நல்லதும் மிக நல்லதும் ஒரே படியில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஷீட்டில் இந்தப் பத்திகள் (காலம்கள்) போதும்: தொடரின் பெயர், எந்த சீசன், பார்த்த எபிசோட் எண்ணிக்கை, சப்பா (மூலக் குரலோடு சப்டைட்டில்) டப்பா (வேறு மொழிக் குரல்), முடித்த தேதி, பிரிவு மார்க்குகள், மொத்தம், இரண்டு வரிக் காரணம். தளம் மாறினாலும் மூடினாலும் இந்த ஷீட் உங்களிடம் இருக்கும். அதனால் முதலில் ஷீட்டில் எழுதுங்கள், பிறகு தளத்தில் ஏற்றுங்கள்.

செலவு என்று பார்த்தால் ஸ்ட்ரீமிங் சந்தா மட்டும்தான். ஒவ்வொரு வாரமும் புது எபிசோடைத் துரத்தாமல், ஒரு பருவத்தின் தொடர்கள் முடியும்வரை காத்திருந்து ஒரே மாதச் சந்தாவில் மொத்தமாகப் பார்ப்பது சிக்கனம். ஜப்பானில் புதுத் தொடர்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு பருவமாகத் தொடங்குகின்றன. பெரும்பாலும் 12, 13 எபிசோடில் ஒரு பருவம் முடிந்துவிடும். ஆக மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதக் கடைசியில் சந்தா எடுப்பது சரியான நேரம். யூடியூபில் மியூஸ் இந்தியா போன்ற உரிமம் பெற்ற சேனல்கள் சில தொடர்களை இலவசமாகவே போடுகின்றன. உரிமம் முடிந்தால் அங்கிருந்து எடுத்துவிடுவார்கள் என்பதால், பட்டியலில் வைத்திருப்பதைத் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

நேரக் கணக்கு: ஒரு எபிசோட் சுமார் 24 நிமிடம். 12 எபிசோட் என்றால் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட் மாதிரி 64 எபிசோட் தொடர் என்றால் 25 மணி நேரத்துக்கு மேல். குறிப்பெடுக்கவும் சில காட்சிகளைத் திரும்பப் பார்க்கவும் இதில் கால் பங்கு கூடுதலாக ஒதுக்குங்கள்.

2. எண்ணுக்கு அர்த்தம் எழுதி வையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போகிறவர்கள்தான் அதிகம். பட்டியல் முழுக்க 8, 9, 10 என்று நிரம்புவது இதனால்தான். நமக்குப் பள்ளிக்கூட மார்க் பழகிப்போயிருக்கிறது. நூற்றுக்கு அறுபது வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் முகம் கொடுக்க மாட்டார்கள். அதே கண்ணோடு அனிமேவுக்கு 6 போட்டால் அந்தத் தொடரை அவமானப்படுத்திவிட்டது போல ஒரு கூச்சம் வரும். மைஅனிமேலிஸ்டின் சொந்த விளக்கத்தைப் பாருங்கள்: 5 என்றால் சராசரி, 6 பரவாயில்லை, 7 நன்று, 8 மிக நன்று, 9 அருமை, 10 தலைசிறந்த படைப்பு. கீழே 4 மோசம், 3 மிக மோசம் என்று இறங்கி 1 வரை போகிறது. 7 வாங்கிய தொடர் நல்ல தொடர் என்று தளமே சொல்கிறது.

இந்த விளக்கத்தை உங்கள் வார்த்தையில் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். என்னுடையது இப்படி இருக்கும்: 6 என்றால் நேரம் இருந்தால் பார்க்கலாம். 7 என்றால் அந்த வகை பிடித்தவருக்குச் சொல்வேன். 8 என்றால் அந்த வகை பிடிக்காதவருக்கும் சொல்வேன். 9 என்றால் திரும்ப முழுதாகப் பார்ப்பேன். 10 என்றால் அதில் எதை மாற்றினாலும் கெட்டுவிடும் என்று நம்புகிறேன்.

அப்புறம் ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்கள் முழுதாகப் பார்த்த ஒரு தொடரை அடையாளமாக நிறுத்துங்கள். என் பட்டியலில் 10க்கு முஷிஷி, 9க்கு கவ்பாய் பீபாப், 8க்கு ஸ்டெயின்ஸ் கேட், 6க்கு ஒன் பஞ்ச் மேன் இரண்டாம் சீசன். புதுத் தொடர் ஒன்று 8க்கு வந்து நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது ஸ்டெயின்ஸ் கேட் பக்கத்தில் உட்காரத் தகுதியானதா? பதில் தயங்கினால் 7.5. உங்கள் அடையாளத் தொடர்கள் வேறாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் அவற்றை அடிக்கடி மாற்றாதீர்கள்.

3. பார்க்கும்போதே குறிப்பு

முடித்த பிறகு நினைவிலிருந்து எழுதினால் கடைசி இரண்டு எபிசோட்தான் மேலே மிதக்கும். ஒவ்வொரு எபிசோடுக்கும் இரண்டு வரி போதும். ஆனால் அந்த வரியில் திரையில் நடந்தது இருக்க வேண்டும். 'அருமை', 'செம ஃபீல்' என்று எழுதி வைத்தால் பிறகு ஒன்றுக்கும் உதவாது.

ஃப்ரீரன் தொடரின் முதல் எபிசோடை எடுத்துக்கொள்வோம். அதைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். அசுரராஜனை வென்று திரும்பிய நால்வரும் 50 வருடத்துக்கு ஒருமுறை வரும் விண்கல் மழையைப் பார்க்கிறார்கள். அடுத்த முறை அதை இன்னும் நல்ல இடத்தில் இருந்து காட்டுகிறேன் என்று நீண்ட ஆயுள் கொண்ட எல்ஃப் இனத்தவளான ஃப்ரீரன் சொல்கிறாள். அவளுக்கு 50 வருடம் ஒரு பொருட்டே இல்லை. திரும்பி வரும்போது வீரன் ஹிம்மெல் வழுக்கையும் தாடியுமாக, உயரம் குறைந்த கிழவனாக நிற்கிறான். நான் எழுதிய குறிப்பு: 'அரை நூற்றாண்டு சில நிமிடத்தில் போய்விடுகிறது. விளக்கமே இல்லை. ஹிம்மெலின் உயரம் குறைந்திருப்பதே போதும். இறுதிச் சடங்கில் அவள் அழுவது பார்க்கிற நமக்கும் எதிர்பாராததாக இருக்கிறது, ஏனென்றால் அந்த 50 வருடத்தை நாமும் அவளைப் போலவே தாண்டி வந்தோம்.' இயக்கம் என்ற பிரிவுக்கு ஏன் அதிக மார்க் போட்டேன் என்று யாராவது கேட்டால் இந்தக் குறிப்பு பதில் சொல்லிவிடும்.

பார்க்கும் விதத்தில் சில விஷயங்கள். வேகத்தை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று ஏற்றிப் பார்த்துவிட்டு மார்க் போடாதீர்கள். ஒரு காட்சியில் எவ்வளவு நேரம் மௌனமாக நிற்பது என்பதை இயக்குநர் யோசித்து வைத்திருக்கிறார், வேகத்தைக் கூட்டினால் போவது அதுதான். ஓப்பனிங், எண்டிங் இரண்டும் தலா ஒன்றரை நிமிடம். எல்லா எபிசோடிலும் பார்க்க வேண்டியதில்லை. முதல் முறையும், பாட்டு மாறும்போதும், கடைசி எபிசோடிலும் பாருங்கள்.

எந்த மொழியில் பார்த்தீர்கள் என்பதைக் கட்டாயம் குறியுங்கள். க்ரஞ்சிரோல் ஸ்ட்ரீமிங் தளத்தில் இப்போது சில தொடர்கள் தமிழ் டப்பிலும் வருகின்றன. தமிழில் பார்த்தால் குரல் நடிப்புக்கான மார்க் தமிழ்க் குரல்களுக்குத்தான், ஜப்பானியக் குரல் கலைஞர்களுக்கு அல்ல. அதை விமர்சனத்திலும் சொல்லிவிடுங்கள். சப் பார்க்கிறவர்கள் கவனிக்க: ஒரு நகைச்சுவை எடுபடவில்லை என்றால் அது வசனத்தின் குறையா, சப்டைட்டிலின் குறையா என்று யோசிக்காமல் மார்க்கைக் குறைக்க வேண்டாம்.

4. பிரிவுகளும் பங்குகளும்

நான் வைத்திருக்கும் பங்கு: கதை 30, பாத்திரங்கள் 25, இயக்கமும் அனிமேஷனும் 25, இசையும் குரலும் 10, மனதில் நின்ற அளவு 10. பிங் பாங் தொடரை வைத்துப் போட்டுப் பார்ப்போம். கதை 8, பாத்திரங்கள் 9, இயக்கம் 9, ஒலி 9, மனதில் நின்றது 9. பங்கோடு பெருக்கிக் கூட்டினால் 2.4 + 2.25 + 2.25 + 0.9 + 0.9 = 8.7.

இந்தக் கூட்டுத்தொகையை அப்படியே இறுதி மார்க்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்கு போடும் முன் மனதில் தோன்றும் எண்ணைத் தனியாக ஒரு கட்டத்தில் எழுதி வையுங்கள். இரண்டுக்கும் அரை மார்க்குக்குள் வித்தியாசம் இருந்தால் சரி, கணக்கு சொல்வதைப் போடலாம். ஒரு மார்க்குக்கு மேல் இடித்தால் ஏதோ ஒன்று உங்கள் கட்டங்களில் அடங்கவில்லை என்று அர்த்தம். அது என்ன என்று தேடிப் பிடித்து எழுதுங்கள். உங்கள் விமர்சனத்தின் நல்ல பத்தி பெரும்பாலும் அங்கிருந்துதான் கிடைக்கும்.

தொடரின் இயல்புக்கு ஏற்பப் பங்கை மாற்றலாம், ஆனால் பார்க்கத் தொடங்கும் முன் மாற்றுங்கள். முஷிஷியில் 26 எபிசோடும் ஏறக்குறைய தனித்தனிக் கதைகள். தொடர்ச்சியான கதை இல்லையே என்று அதில் மார்க்கைக் குறைப்பது நியாயமில்லை. நகைச்சுவைத் தொடருக்கும் கதைக்கு 30 என்பது ஒத்துவராது.

அதிகம் பேர் சறுக்கும் இடம் காட்சிப் பிரிவு. படம் அழகாக இருப்பதும் அனிமேஷன் நன்றாக இருப்பதும் வேறு வேறு. ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. ஆனால் அனிமேவில் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை இரண்டு அல்லது மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்துவார்கள். மூன்று ஃப்ரேமுக்கு ஒன்று என்றால் விநாடிக்கு 8 ஓவியம்தான். இது குறை இல்லை, அந்தக் கலையின் வழக்கம். எங்கே ஓவியங்களைச் செலவழிக்கிறார்கள், எங்கே சேமிக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2014இல் மசாகி யுவாசா இயக்கிய பிங் பாங், முதல் பார்வைக்குக் கோணல்மாணலான கோடுகளாகத் தெரியும். நிறுத்தி வைத்த படத்தைப் பார்த்து மார்க் போடுகிறவர் 5 போடுவார். மட்டையைப் பிடித்த கை திரும்பும் விதம், பந்தை எடுக்கப் பாயும் உடம்பின் எடை, ஆளுக்கு ஆள் வேறுபடும் ஆட்டமுறை என்று அசைவைப் பார்த்தால் அதே தொடருக்கு 9 வரும். சந்தேகம் வந்தால் ஒரு சண்டைக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஓடவிடுங்கள். அடி விழுவது கண்ணுக்குத் தெரிகிறதா, அல்லது சத்தம்தான் அதை நம்பவைத்ததா என்று உடனே தெரிந்துவிடும்.

சண்டைக் காட்சியில் படம் திடீரென்று மங்கினால் அதற்கும் மார்க்கைக் கழிக்காதீர்கள். 1997 டிசம்பரில் போக்கிமான் எபிசோட் ஒன்றின் ஒளிச் சிமிட்டல் பல குழந்தைகளை மருத்துவமனைக்கு அனுப்பியது. அதன்பின் டிவி ஒளிபரப்பில் இப்படி மங்கலாக்குவது வழக்கமானது. ப்ளூ-ரேயில் பெரும்பாலும் இது சரிசெய்யப்பட்டிருக்கும்.

உழைப்புக்கும் மார்க் கிடையாது. ஹருஹி சுசுமியா தொடரின் 2009 ஒளிபரப்பில் 'எண்ட்லெஸ் எய்ட்' என்று எட்டு எபிசோடுகள் ஏறக்குறைய ஒரே சம்பவத்தைத் திரும்பத் திரும்பக் காட்டின. எட்டையும் புதிதாகவே வரைந்து, புதிதாகவே குரல் கொடுத்தார்கள். அந்த உழைப்பை விமர்சனத்தில் தாராளமாகப் பாராட்டுங்கள். மார்க் மட்டும் பார்க்கிறவர் அனுபவித்ததற்கு.

5. எண்ணை எப்போது போடுவது

தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது போடாதீர்கள். டீமன் ஸ்லேயர் முதல் சீசனின் 19ஆவது எபிசோட் 2019இல் வந்தபோது எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. அதைத் தயாரித்த யூஃபோடேபிள் ஸ்டுடியோ அந்த எபிசோடில் செய்தது உண்மையிலேயே பெரிய வேலை. அந்த ராத்திரியே தொடர் முழுதுக்கும் 10 போட்டவர்கள் மற்ற 25 எபிசோடுகளை எடைபோடவே இல்லை. ஓர் எபிசோடுக்கு மார்க் வேண்டுமென்றால் ஷீட்டில் அதற்குத் தனிப் பத்தி வையுங்கள்.

முடித்த அன்றும் வேண்டாம். அன்று காரணங்களை மட்டும் எழுதிவிட்டு மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை விடுங்கள். எண் அதற்குப் பிறகு. கண்ணீர் வரவழைக்கும் முடிவு உள்ள தொடர்களுக்கு ஒரு வாரம் கட்டாயம்.

பாதியில் நிறுத்துவது பற்றி. மூன்று எபிசோட் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று ரசிகர்கள் சொல்வார்கள். மடோகா மாஜிகா போன்ற தொடருக்கு அது அச்சாகப் பொருந்தும், மூன்றாவது எபிசோடில்தான் தொடர் தன் முகத்தைக் காட்டுகிறது. ஸ்டெயின்ஸ் கேட்டுக்குப் பொருந்தாது. 24 எபிசோடில் முதல் பாதி நிதானமாகவே போகும், 12ஆவதில்தான் பிடி இறுகும். அதனால் என் வழி, நிறுத்திய தொடருக்கு எண் போடாமல் 'டிராப்' என்று குறித்து, எந்த எபிசோடில், ஏன் என்று ஒரு வரி எழுதுவது. மைஅனிமேலிஸ்டும் ஐந்தில் ஒரு பங்காவது பார்த்தவரின் மார்க்கைத்தான் பொதுச் சராசரியில் சேர்க்கிறது.

6. சீசன், ரீமேக், படம்

தளங்களில் ஒவ்வொரு சீசனும் தனிப் பதிவு. நீங்களும் தனியாகவே போடுங்கள். ஸ்டுடியோ மாறும்போது இது இன்னும் முக்கியம். ஒன் பஞ்ச் மேன் முதல் சீசன் 2015இல் மேட்ஹவுஸ் செய்தது, இரண்டாவது 2019இல் ஜே.சி. ஸ்டாஃப். ஒரே கதை, ஒரே பாத்திரங்கள், ஆனால் திரையில் இரண்டும் வெவ்வேறு வேலை.

முடிவு தொடருக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். எவாஞ்சலியன் டிவி தொடரின் 25, 26ஆம் எபிசோடுகள் பலரைக் குழப்பின. 1997இல் வந்த படம் வேறொரு முடிவைத் தந்தது. படம் உங்களுக்குப் பிடித்தால் படத்துக்கு மார்க் போடுங்கள். 26 எபிசோட் தொடர் தன் முடிவோடுதான் நிற்க வேண்டும்.

மாங்கா (அனிமேவுக்கு மூலமான ஜப்பானியக் காமிக்ஸ்) படித்தவர்கள் விமர்சனத்தின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். மாங்காவில் இருந்தது திரையில் இல்லையென்றால் மார்க்கில் அது சேரக்கூடாது, நல்லதானாலும் கெட்டதானாலும்.

7. தளத்தின் சராசரியைப் பார்த்து எண் போடாதீர்கள்

உங்கள் எண்ணை ஷீட்டில் எழுதும்வரை பொதுச் சராசரியைத் திறக்கவே வேண்டாம். பார்த்துவிட்டால் உங்கள் 6 தானாக 7.5 பக்கம் நகரும்.

அந்தச் சராசரியை எப்படிப் படிப்பது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மைஅனிமேலிஸ்ட் தரவரிசையின் உச்சியில் கின்டாமாவின் பல சீசன்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். நல்ல தொடர்தான், சந்தேகமில்லை. ஆனால் நான்காவது சீசன்வரை வந்து மார்க் போடுகிறவர் யார்? முதல் மூன்றையும் ரசித்தவர். பிடிக்காதவர் எப்போதோ விலகிவிட்டார். எந்தத் தொடரானாலும் பிந்தைய சீசன்களின் மார்க் இப்படித்தான் ஏறும். முதலிடத்துக்குப் போட்டி வரும்போது ஒரு தரப்பின் ரசிகர்கள் எதிர்த் தரப்பின் தொடருக்கு 1 போட்டுத் தள்ளுவதும் நடக்கிறது. அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். பார்க்காத தொடருக்கு 1 போட்டவர் சொல்லும் 9ஐ யார் நம்புவார்?

8. விமர்சனத்தில் எண்ணை வைக்கும் இடம்

எண் கடைசியில் வரட்டும். மேலே ஸ்பாய்லர் (கதையின் திருப்பத்தை முன்பே சொல்லிவிடுவது) உண்டா இல்லையா என்ற எச்சரிக்கை, பார்த்த மொழி, எத்தனை எபிசோட் பார்த்தீர்கள் என்ற விவரம். நடுவில் மார்க்கைக் கூட்டியது ஒன்று, குறைத்தது ஒன்று, இரண்டுக்கும் காட்சி உதாரணத்தோடு. யாருக்குப் பிடிக்காது என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள், வாசகருக்கு அதிகம் உதவுவது அந்த வரிதான். மைஅனிமேலிஸ்டில் விமர்சனத்தோடு பரிந்துரைக்கிறேன், கலவையான எண்ணம், பரிந்துரைக்கவில்லை என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். உங்கள் எண் 7, தேர்வு 'பரிந்துரைக்கவில்லை' என்று இருந்தால் இரண்டில் ஒன்று தவறு. ஏற்றுவதற்கு முன் சரிபாருங்கள்.

9. ஆறு மாதத்துக்கு ஒருமுறை

ஷீட்டை மார்க் வாரியாக அடுக்கி, ஒரே எண்ணில் உள்ள தொடர்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டு என்ற வரிசையில் ஒன்று மட்டும் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும். அதன் குறிப்பைத் திறந்து படியுங்கள், தேவைப்பட்டால் ஓர் எபிசோடைத் திரும்பப் பாருங்கள், அப்புறம் மாற்றுங்கள். பழைய எண்ணை அழிக்காமல் புதுப் பத்தியில் புது எண், தேதி, மாற்றியதற்கு ஒரு வரிக் காரணம். விமர்சனம் ஏற்கெனவே வெளியாகியிருந்தால் அதன் கீழேயும் இதே மூன்றையும் சேர்த்துவிடுங்கள்.